சாகிற வேஷத்துக்குச் சாப்பாடு

எதிர் பிளாட்டுக் குழந்தைக்குப் பள்ளியில் ஆண்டு விழா. ராணி வேஷமாம். ஆவடியில் வாடகைக்கு டிரஸ் கொடுக்கிற கடையிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். முதுகுக் கொக்கி மாட்டத் தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். பிளாஸ்டிக் உறையின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'டிரஸ்ஸுடன் எதுவும் சாப்பிடக் கூடாது.' கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன ஆன்ட்டி என்று குழந்தையின் அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்றுமில்லாமல் என்ன? உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. கம்பெனிச் சங்கு ஊதினால்தான் அடுப்பைப் பற்றவைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். முழங்கால் தேய்ந்து, சர்க்கரை ஏறி, இப்போது ஏரிக்கரையில் காலையில் மூச்சு வாங்க நடக்கிறோமே, அந்த நடையில் ஒரு சுற்றுக்கு ஆகும் கதைதான். கேளுங்கள்.

எங்கள் வீடு கோவில்பதாகையில் இருந்தது. ஓடு போட்ட இரண்டு அறை. பின்னறை எங்களுடையது, முன்னறை நாடக மன்றத்துடையது. அப்பா தொழிற்பேட்டை எஸ்டேட்டில் சைக்கிள் செயின் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே கூட வேலை செய்தவர்களைச் சேர்த்து ஒரு மன்றம் நடத்தினார். கதை, வசனம், இயக்கம் எல்லாம் அவரே. நோட்டீசின் அடியில் 'உடை: மன்றத்தார்' என்று போடுவார்கள். அந்த மன்றத்தார் என் அம்மா. அவள் ஒருத்திதான் மொத்த டிரஸ் டிபார்ட்மெண்டும்.

முன்னறையில் சுவரோரம் தகரப் பெட்டிகள். ராஜா வீட்டுத் துணிக்கு ஒன்று, ஜனங்கள் துணிக்கு ஒன்று, பொம்பளை வேஷத்துக்கு ஒன்று. குறுக்கே கட்டிய மூங்கில் கழியில் கோட்டுகள் தொங்கும். மூலையில் தையல் மிஷின். அந்துருண்டை, ரோஸ் பவுடர், மிஷின் எண்ணெய், நேற்று ஆடியவனின் வேர்வை, எல்லாம் கலந்த ஒரு வாடை எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள், உன் மேல் கல்யாண வீட்டு வாசனை அடிக்கிறது என்பாள். நானும் ஆமாம் என்று பெருமையாக இருந்துவிடுவேன்.

நாடகம் முடிந்த மறுநாள்தான் அம்மாவுக்கு உண்மையான வேலை. வெல்வெட்டில் தண்ணீர் படக் கூடாது. பட்டால் அதன் பூ படுத்துக்கொள்ளும், பிறகு எழுந்திருக்காது. அதனால் உள்ளே மல் துணியில் ஒரு லைனிங் வைத்துப் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டிருப்பாள். மறுநாள் காலையில் அந்தத் தையலைப் பிரித்து, லைனிங்கை மட்டும் துவைத்துக் காயவைத்து, மறுபடி வைத்துத் தைக்க வேண்டும். பிரிக்கிற வேலை எனக்கு. கோட்டை உள்புறம் வெளியே திருப்பி நிழலில் மாட்டுவாள். ராஜாவும் மந்திரியும் உள்ளே வெளியே திரும்பி, தையலெல்லாம் தெரிய, எங்கள் முன்னறையில் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

நகைகளெல்லாம் கம்பெனியில் கழித்துப் போட்டவை. கிரீடத்தில் இருக்கிற மாணிக்கம், சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற சிவப்பு வில்லை. காதுக் குண்டலம் பெடலுக்குள் போகிற குண்டு. ராஜாவின் இடுப்புப் பட்டை, சாட்சாத் சைக்கிள் செயின். தங்கக் கலர் பெயிண்ட் அடித்துத் துணிப் பட்டையில் வைத்துத் தைத்தது. ராஜா நடந்தால் சலக் சலக் என்று சத்தம் வரும். எந்த நாட்டு ராஜாவுக்கும் அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

அம்மாவுக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, உடம்பு இளைத்தவனுக்குக் கோட்டைப் பிடிக்கும்போது துணியை வெட்டக் கூடாது. "வெட்டிட்டா வராது. உள்ளுக்கு மடிச்சித் தை. ஆளு எளைப்பான், திரும்பப் பூசுவான். துணி அங்கயே இருக்கணும்" என்பாள். இரண்டாவது சட்டம், அந்தச் சீட்டில் பார்த்தேனே அதுவேதான். டிரஸ் போட்டவன் வாயில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது. ஒரு தடவை மந்திரி வேஷக்காரர் அங்கியோடு வடையைக் கடித்துவிட்டார். அம்மா அவர் வாயிலிருந்தே பிடுங்கிப் போட்டாள். மந்திரி பாவம், தொப்பையும் தாடியுமாக நின்று, "இன்னாக்கா, உளுந்த வடைதானேக்கா" என்றார்.

இப்போது ராஜாவைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் அவர் ராஜாதான். நல்ல உயரம், தொண்டையில் கணீர் என்ற குரல். குமணன்சாவடிப் பக்கம் பழைய குடியானவர் குடும்பம். நிலமெல்லாம் கைமாறிப் போய், அவரும் அப்பாவைப் போல நீல டவுசர் மாட்டிக்கொண்டு கம்பெனிக்கு வந்தவர். எங்கள் குடும்பமோ, அவர்களைப் போன்றவர்களின் வயலில் நாற்று நட்ட குடும்பம். கம்பெனிக்குள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். எங்கள் வீட்டு வாசலுக்குள் வந்துவிட்டால் கதை வேறு.

அவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு பாட்டில் தொங்கும், அதில்தான் குடிப்பார். சாப்பிடச் சொன்னால், "இப்பத்தான் துன்னுட்டு வந்தேன்" என்பார். அது காலை பத்து மணியானாலும் சரி, மாலை ஆறு மணியானாலும் சரி. அம்மா தைத்த கோட்டைப் போட்டுக்கொள்வார். அம்மா துவைத்த லைனிங்கை உடம்போடு ஒட்டப் போட்டுக்கொள்வார். தண்ணீர் மட்டும் ஆகாது. அம்மாவைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. "கோட்டு ரெடியா?" என்று மூங்கில் கழியைப் பார்த்துக் கேட்பார்.

அப்பாவுக்கு இதில் உள்ளூரக் கோபம். அதனால்தானோ என்னவோ, அப்பா எழுதிய எல்லா நாடகத்திலும் அவர்தான் ராஜா, எல்லா நாடகத்திலும் கடைசியில் ஜனங்கள் கையால் அவர் சாவார். அவரும் அருமையாகச் சாவார். மார்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு அடி பின்னால் வைத்து, முட்டி போட்டு, பிறகு மெல்லச் சரிவார். அந்தச் சாவைப் பார்க்கவே கூட்டம் வரும்.

அந்த வருஷம் வெயில் ஆரம்பிக்கிற நேரத்தில் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். இது நம் எல்லார் வீட்டிலும் ஒரு தடவையாவது நடந்திருக்கும், விளக்க வேண்டாம். முதல் மாதம் திருவிழா போலத்தான் இருந்தது. அப்பாக்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள், காற்றாடி செய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு காற்றாடி நின்றுவிட்டது. கேட்டுக்கு எதிரில் சங்கத்துக்காரர்கள் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். அப்பா தூக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று வாங்கி வருவார். மீதிக்கு அம்மாவின் தையல் மிஷின். ஜாக்கெட், பாவாடை, தலையணை உறை, கொடுத்ததையெல்லாம் தைத்தாள்.

அப்பா சும்மா இருக்கிற ஆள் இல்லை. பூட்டின கம்பெனி கேட்டின் முன்னாலேயே புது நாடகம் போடுவது என்று முடிவு செய்தார். பகலெல்லாம் எங்கள் வீட்டுப் பின்புறம் முருங்கை மரத்தடியில் ஒத்திகை. ராஜாவும் குமணன்சாவடியிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார்.

அவர் கஞ்சித் தொட்டிப் பக்கம் போகவே இல்லை. சொந்தக்காரர்கள் பஸ்ஸில் போய் வருகிற வழி அது, பார்த்துவிடுவார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் நசரத்பேட்டையில் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார். தான் மட்டும் அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட மனசு வரவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ராஜாவின் இடுப்புப் பட்டை நழுவுகிறது என்பதுதான்.

புது நாடகத்துக்கு அளவு பார்க்கப் பட்டையைக் கட்டினாள் அம்மா. கொக்கி மாட்டியதும் அது அப்படியே சரிந்து தொடைக்கு வந்துவிட்டது. அவர் சிரித்து, "செயினு லூசாயிருச்சி" என்றார். அவர் போன பிறகு அம்மா பட்டையை அம்மிக்கல்லின் மேல் வைத்து, ஆணியும் சுத்தியலுமாகச் செயினில் கொஞ்சம் கண்ணிகளைக் கழற்றிப் பவுடர் டப்பாவில் போட்டாள். கோட்டையும் இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்தாள். அடுத்த வாரம் பட்டை மறுபடி நழுவியது.

"குடிக்கிறாரு போல. ஊட்ல பொம்பளயும் இல்ல, கேக்கவா பாக்கவா" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். அப்பாவும் தலையை ஆட்டினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மனிதரை ஒரு வாரம் குடிகாரராக வைத்திருந்தார்கள்.

பிறகு ஒருநாள் அம்மா முட்டி போட்டு அவர் இடுப்பில் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஊக்கு டப்பாவோடு பக்கத்தில் நின்றேன். அவர் வயிறு கத்தியது. சத்தமாக, நீளமாக, எனக்கே கேட்டது. அவர் அவசரமாக இருமினார். தொண்டையைச் செருமிக்கொண்டு வசனம் ஒன்றைச் சொல்லிப் பார்ப்பது போல ஆரம்பித்தார். அம்மா அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். குனிந்து, மாட்டின கொக்கியைக் கழற்றி, மறுபடி மாட்டினாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் மிஷின் ஓட்டவில்லை.

அடுத்த நாள் அம்மா ஒரு புதுச் சட்டம் போட்டாள். ஒத்திகையையே முழு டிரஸ்ஸில் நடத்த வேண்டும் என்றாள். எல்லாருக்கும் ஆச்சரியம். ஒத்திகைக்கு ஒரு துண்டைக் கேட்டால்கூடக் கொடுக்காதவள் அவள். "புதுசா புடிச்சித் தச்சது, ஒடம்புல படியணும்" என்றாள். சரி என்று எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். முருங்கை மரத்தடியில், உச்சி வெயிலில், வெல்வெட் கோட்டும் சைக்கிள் வில்லைக் கிரீடமுமாக ராஜா செத்தார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு கோட்டைக் கழற்றக் கையை வைத்தார்.

"கழட்டாதண்ணே" என்றாள் அம்மா.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க ஊருக் கூத்துல ஒரு முறை கீது. சாவுற வேஷம் கட்னவன் வெறும் வயித்தோட வேஷத்தக் கழட்டக் கூடாது. அந்தச் சாவு துணியிலயே தங்கிடும். எதுனா வாயில போட்டுட்டுத்தான் கழட்டணும்."

"அப்டியா?"

"டிரஸ்ஸுக்கு ஆவாது. நாளிக்கி எவனாச்சும் மாட்டுவான். எனக்கெதுக்கு அந்தப் பாவம்."

அவர் யோசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேண்டில்பார் பாட்டிலை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "முறைன்னா செய்யத்தானே வேணும்" என்று கையை நீட்டினார். அம்மா ஒரு வெல்லக்கட்டியை வைத்தாள். கிரீடத்தோடு நின்று, அந்த வெல்லத்தை அவர் மெல்ல மெல்லச் சப்பிச் சாப்பிட்டார். வெல்வெட் கோட்டுக்கு அரை சாண் பக்கத்தில் வெல்லம். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மறுநாள் வெல்லம் போதாது, தானியமாக இருக்க வேண்டும் என்றாள். கேழ்வரகு அடை வந்தது. அதற்கு மறுநாள், வெந்த சோறாக இருந்தால்தான் முறை முழுசாகும் என்றாள். பிறகு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், நின்றால் ஆகாது. பிறகு குழம்பு ஊற்றாமல் வெறும் சோறு வைப்பது பிணத்துக்கு வைக்கிற மாதிரி. ஒரு வாரத்துக்குள் எங்கள் பின்னறையில் ராஜா சம்மணமிட்டு உட்கார்ந்து, முருங்கைக்கீரைக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுத் தட்டில், எங்கள் வீட்டு டம்ளரில். கோட்டைக் கழற்றி மாட்டியதும் அவர் மறுபடி பழைய மனிதர். பாட்டிலை எடுத்து வாய் கொப்பளித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எங்களிடம் ஒரு கோழி இருந்தது. அது போடுகிற முட்டை என்னுடையது, நான் நோஞ்சான் என்பதால். முறையின் இரண்டாவது வாரத்தில் அந்த முட்டை ராஜாவின் தட்டுக்குப் போனது. "சாவுக்கு முட்ட விசேஷம்" என்றாள் அம்மா. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு நாளும் கதவு மூலையில் நின்று அந்த முட்டையை அவர் இரண்டாகப் பிட்டு, உப்பைத் தொட்டு, கண்ணை மூடிச் சாப்பிடுவதைப் பார்ப்பேன். அவரை மனசாரத் திட்டுவேன். அவர் ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். சின்னப் பெண் முறைத்தால் பெரியவர்களுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் வேடிக்கை எங்கே வந்தது என்றால், மற்றவர்களுக்கும் பசி இருந்ததே. மந்திரி ஒருநாள் அப்பாவிடம் தனியாக வந்தார். "அண்ணாத்தே, ராஜா சாவுறாரு, மந்திரி மட்டும் உசுரோட இருந்துகினு இன்னா செய்யறது? எனக்கும் ஒரு சாவு எழுதேன்." அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது, எழுதினார். அடுத்து சேனாதிபதி வந்தார். போர்க்களத்தில் சேனாதிபதி சாகாமல் என்ன சேனாதிபதி. காவல்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். கடைசியில் ஜனங்கள் பக்கத்திலிருந்து ஒரு தொண்டுக் கிழவர் வேஷக்காரர், தியாகியாகச் சாகிறேன் என்று கண் கலங்கிக் கேட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் நாடகம் நடிகர்களை இவ்வளவு ஆழமாகத் தொட்டிருக்கிறதே என்று ராத்திரியெல்லாம் லாந்தர் வெளிச்சத்தில் புதுப்புதுச் சாவுகளாக எழுதினார். அவர் காதில் அந்த முறை விஷயம் விழவே இல்லை. ஒத்திகை முடிந்ததும் கஞ்சி வாங்கக் கேட்டுக்கு ஓடிவிடுவார் அல்லவா.

அம்மாதான் திண்டாடினாள். "ஊர்ல கீற அத்தினி பேரும் செத்தா அரிசிக்கு நான் எங்க போறது" என்று என்னிடம் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் ஒரு டம்ளர் தண்ணீரை உலையில் ஊற்றுவாள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சில வருஷம் கழித்து அம்மாவின் ஊருக்குப் போயிருந்தபோது மாமாவிடம் இந்த முறையைப் பற்றிக் கேட்டேன். அவர் சின்ன வயதில் கூத்துக் கட்டியவர். அவர் சிரிசிரி என்று சிரித்தார். "அப்டியெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. வேஷத்தோட வாயத் தொறந்தா எங்க வாத்தியாரு தொடப்பக்கட்டையால அடிப்பாரு" என்றார். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

பூட்டுப் போட்ட காலத்துக்கு வருவோம். ஒருநாள் கேட்டில் கஞ்சி சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அப்பா வெறும் தூக்கோடு வழக்கத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார். உள்ளே நுழைந்தால், அவர் எழுதிய கொடுங்கோல் மன்னன் அவர் வீட்டில் முட்டை சாப்பிடுகிறான். கோட்டின் மார்பில் குழம்பு சிந்தியிருக்கிறது. மந்திரியும் சேனாதிபதியும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இன்னாமே இது?"

மந்திரிதான் உளறினார். "சாவு முறைண்ணே. செத்தா துன்னணும். இல்லாட்டி துணிக்கு ஆவாதாம்."

அப்பா பகுத்தறிவுக்காரர். எங்கள் வீட்டில் விபூதிக்கே இடமில்லை. கோபம் வந்தால் அவர் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார். "மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிக்க நாடகம் போடுகிறேன். என் வீட்டுக்குள்ளேயே செத்தவன் துணிக்குப் படையலா?" என்றார். "இன்றோடு இந்த முறை ஒழிந்தது. இனி ஒருவரும் உடையோடு உண்ணக் கூடாது. உன்னுடைய சட்டம்தானே அது?"

அம்மா ராஜாவைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். அவர் எதிரில் உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் அன்றோடு வர மாட்டார். சொல்லாவிட்டால் முறை நின்றுவிடும். அம்மா, "சரி, இனிமே இல்ல" என்றாள். படித்தவர்கள் வீட்டில் படிக்காதவள் என்று அன்று அப்பா இன்னும் என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கோட்டில் சிந்திய குழம்பை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாள். கறை போகவில்லை. ராத்திரி தனியாகச் சொல்லப் பார்த்தபோதும் அப்பா காது கொடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம். முட்டை திரும்ப வந்துவிட்டது.

அதற்கப்புறம் ராஜா வந்தார், செத்தார், கோட்டைக் கழற்றிக் கொடுத்தார், பாட்டில் தண்ணீரைக் குடித்தார், போனார். இப்படியே கொஞ்ச நாள். ஒரு மத்தியானம் வசனத்தின் நடுவில், ஜனங்கள் ஈட்டியைத் தூக்குவதற்கு முன்பே, அவர் விழுந்தார். அடி பின்னால் வைக்கவில்லை, முட்டி போடவில்லை. வெட்டிய வாழை போலச் சாய்ந்தார். கிரீடம் உருண்டு முருங்கை மரத்தடியில் நின்றது.

"இன்னாப்பா, இன்னும் குத்தவே இல்ல, அதுக்குள்ள சாவுற" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் கை தட்டினார். நாங்கள் அவர் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தோம். அவர் எழுந்திருக்கவில்லை.

அம்மா சொம்போடு ஓடிவந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்தாள். வெல்வெட்டில் தண்ணீர் பட்டதை அவள் பார்க்கவே இல்லை. கொக்கிகளைப் பிய்த்துக் கோட்டைத் திறந்தாள். மந்திரி மடியில் தலையைத் தூக்கி வைத்துக்கொள்ள, தன் கையாலேயே கஞ்சித் தண்ணீரை வாயில் விட்டாள். அவர் விழுங்கினார். கண்ணைத் திறக்காமலே விழுங்கினார். அவரைப் பின்னறையில் படுக்க வைத்தார்கள்.

அம்மா முன்னறைக்குப் போய் அந்தப் பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து விரித்து, டப்பாவை அதில் கவிழ்த்தாள். தங்கப் பெயிண்ட் அடித்த செயின் கண்ணிகள். உள்ளங்கை நிறைந்து சில கீழே விழுந்தன. கோட்டின் ஓரத்தையும் திருப்பி, உள்ளே மடித்துத் தைத்திருந்த துணியை விரித்துக் காட்டினாள்.

"இந்த சீசன்ல அவுரு இடுப்புலேர்ந்து கழட்னது" என்று மெதுவாகச் சொன்னாள். "ஒனக்குத்தான் செயினு தெரியுமே. பாத்துக்க."

அப்பா செயின் பிரிவில் வேலை பார்த்தவர். கண்ணியைத் தொட்டே நீளம் சொல்லுவார். கையில் இருந்ததை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். பிறகு கீழே விழுந்ததையெல்லாம் குனிந்து பொறுக்கி, டப்பாவில் போட்டு மூடினார். செந்தமிழும் வரவில்லை, வேறு தமிழும் வரவில்லை.

மறுநாள் ஒத்திகையில் அப்பா எல்லாரையும் உட்கார வைத்துப் புதுக் காட்சி ஒன்றைப் படித்தார். நாடகம் இனி விருந்துக் காட்சியோடு ஆரம்பிக்கும். அரசவை முழுவதும் உட்கார்ந்து சாப்பிடுகிறது, வெளியே ஜனங்கள் பசியோடு நிற்கிறார்கள். "இது தத்ரூபமா வரணும். சும்மா வாய மென்னுகினு காட்டக் கூடாது. நெசச் சோறு. தினமும் ஒத்திகை பாக்கணும்" என்றார். பசியோடு நிற்கிற ஜனங்களுக்கு அடுத்த காட்சியிலேயே கஞ்சி ஊற்றப்பட்டது. அது எந்தக் கதைக்குள்ளும் அடங்காத கஞ்சி. யாரும் கேட்கவில்லை.

ராஜா அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு பூசணிக்காயைக் கட்டி எடுத்து வந்தார். கொல்லையில் புதிதாகக் காய்த்ததாம். "விருந்துக் காட்சிக்கு" என்று முன்னறையில் வைத்தார். மந்திரி கீரை கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு பிடி பருப்பு. அந்த நாடகத்தில் அதிகம் ஒத்திகை பார்க்கப்பட்டது அந்தக் காட்சிதான். மற்ற சாவுகளையெல்லாம் அப்பா ஒவ்வொன்றாக அடித்துவிட்டார், யாரும் வருத்தப்படவில்லை. என் முட்டை மட்டும் விருந்துக்கு மறுபடி போனது. விருந்தென்றால் ராஜாவுக்கு முட்டை இல்லாமலா என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அந்த நாடகம் மேடை ஏறவே இல்லை. அதற்குள் கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். சங்கு ஊதியதும் எல்லாரும் ஓடினார்கள். அம்மா ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கோட்டுகளின் உள்தையலைப் பிரித்தாள். மடித்து வைத்த துணி வெளியே வந்தது. அந்தப் பாகம் மட்டும் வெயில் படாமல், நிறம் மங்காமல், புதிதாக இருந்தது. அப்பா ஷிப்டு முடிந்து வந்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பின்னைப் போட்டுக் கழற்றின கண்ணிகளையெல்லாம் பட்டையில் திரும்பக் கோத்தார். அந்தக் கோட்டு இப்போது எங்கே போனதோ. பட்டையும் போய்விட்டது. பவுடர் டப்பாவில் அம்மா கடைசி வரைக்கும் பித்தான் போட்டு வைத்திருந்தாள், அதையும் யாரோ வீடு காலி செய்யும்போது தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அப்பாவைப் பற்றி யோசிப்பேன். தண்ணீர் குடிக்காததைச் சாதித் திமிர் என்று அவர் எடுத்துக்கொண்டார். அம்மா முதலில் குடி என்று நினைத்து, பிறகு பசி என்று கண்டுபிடித்தாள். இப்போது எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அதில் திமிரும் இருந்தது, பசியும் இருந்தது. ஒரே வயிற்றில் இரண்டும் இருக்க முடியும். கிரீடம் வைத்துக்கொண்டால் எங்கள் வீட்டில் சாப்பிட முடிந்தது, சொந்தச் சட்டையில் முடியவில்லை. அந்தச் சட்டை அவருக்கு எவ்வளவு கனமாக இருந்திருக்கும்.

கம்பெனி திறந்து முதல் சம்பளம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பின்னறையில் சாப்பிட உட்காருகிற நேரம். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. ராஜா வந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, வேட்டி. கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. ஹேண்டில்பாரில் பாட்டில் இல்லை.

அளவு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா எழுந்து முன்னறைக்குப் போய்க் கோட்டைக் கழியிலிருந்து எடுத்தாள்.

"கோட்டு வேணாம் தங்கச்சி" என்றார்.

அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மா கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் செருப்பை விட்டுவிட்டு, முன்னறையைத் தாண்டி, பின்னறைக்கு வந்து, வழக்கமாக உட்காருகிற இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கி நான் சாவல" என்றார். "சோறு கீதா?"

அப்பா எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா தட்டை எடுத்தாள், ஏற்கெனவே கழுவிய தட்டைத் திரும்பவும் கழுவப் போனாள், வர நேரமாயிற்று. வந்து சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். கை பழக்கத்தில் அன்றைய முட்டையையும் அவர் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அவர் முதலில் தண்ணீரைக் குடித்தார். டம்ளர் முழுவதையும் குடித்தார். பிறகு முட்டையை எடுத்து, எதிரில் உட்கார்ந்திருந்த என் தட்டில் வைத்தார்.

"இது உன்னுதுதானே கண்ணு" என்றார். "ரொம்ப நாளா நான் துன்னுகினு கீறேன்."

எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. முட்டையை இரண்டாகப் பிட்டு, அவர் செய்வது போலவே உப்பைத் தொட்டு, ஒரு பாதியை அவர் தட்டில் திரும்ப வைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.